கலைச்சொற்கள் மாணவருக்குச் சுமையா?

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவருக்கு அணிகளின் பெயர்களும் இலக்கியக் கலைச்சொற்களும் வேண்டாத சுமை என்னும் கருத்து இன்று ஆசிரியர்களிடமும், பாடத்திட்டம் வகுப்போரிடமும், மாணவர்களிடமும் ஒருசேரப் பரவியிருக்கிறது. மெட்டஃபர், மெட்டானமி, ஐரனி, அனஃபோரா என்று நீளும் பட்டியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதும் தேர்வு முடிந்ததும் மறப்பதும் தவிர வேறொன்றும் நடப்பதில்லை என்றும், அந்தப் பட்டியலை நீக்கிவிட்டால் மாணவர் நேரடியாகக் கவிதையோடு உறவாடுவார் என்றும் இக்கருத்துடையோர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை தவறானது, மொழி எவ்வாறு செயல்படுகிறது என்பதைப் பற்றிய பிழையான எண்ணத்திலிருந்து பிறந்தது, நடைமுறைக்கு வந்தால் அதன் இழப்பு முழுவதும், வீட்டில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றுகூட இல்லாமல் கல்லூரிக்கு வரும் மாணவரின் தலையிலேயே விழும்.

எதிர்த்தரப்பின் வாதங்களை வலுக்குறையாமல் எடுத்துரைத்த பிறகே மறுப்பது முறை. உவமை, உருவகம் முதலியவை முன்பே முழுமையாக இருக்கும் ஒரு பொருளுக்குப் பின்னர் பூட்டப்படும் அழகுகள். ஆகவே பொருளைப் புரிந்துகொண்டவருக்கு அணியின் பெயர் தெரியாவிட்டாலும் குறைவேதும் இல்லை என்பது முதல் வாதம். பெயரை அறிவது பொருளை அறிவதாகாது என்பது இரண்டாவது. 1663இல் முதற்பகுதி வெளிவந்த ‘ஹூடிப்ராஸ்’ என்னும் நெடுங்கவிதையில் சாமுவேல் பட்லர், சொல்லணி ஆசான்கள் தம் கருவிகளுக்குப் பெயர் சூட்டுவதற்கு மேல் எதையும் கற்றுத் தருவதில்லை என்னும் கருத்துப்பட எள்ளியது முதல் இவ்வாதம் உயிரோடு இருக்கிறது. பகுத்து ஆராய்வது கவிதை தரும் இன்பத்தைக் கெடுத்துவிடும் என்பது மூன்றாவது. 1800இல் ‘லிரிகல் பாலட்ஸ்’ இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், கவிதைக்கென்றே ஒதுக்கப்பட்ட செயற்கைச் சொற்களையும் அருவக் கருத்துகளை ஆட்களாக்கிப் பேசும் வழக்கத்தையும் தள்ளிவிட்டு மக்கள் உண்மையில் பேசும் மொழியை நாடிய வேர்ட்ஸ்வொர்த் இதற்குத் துணையாக அழைக்கப்படுகிறார்.

நான்காவது வாதம் வகுப்பறையிலிருந்து எழுவது; நான்கிலும் வலியது அதுவே. எம். ஹெச். ஏப்ரம்ஸ் 1957இல் முதன்முதலாக வெளியிட்ட கலைச்சொல் விளக்க நூலும், பி. பிரசாத் எழுதிய இலக்கியப் பின்புல நூலும் இந்தியக் கல்லூரிகளில் தலைமுறைகளாகப் புழங்கி வருகின்றன. ஆனால் பெரும்பாலான மாணவர் கைக்கு அவை நேராக வருவதில்லை. அவற்றிலிருந்து உருவி எடுத்த இரண்டு வரி வரையறையும் ஒரே ஓர் எடுத்துக்காட்டும் கொண்ட ‘நோட்ஸ்’ வடிவிலேயே வருகின்றன. அதே உத்தியை வேறொரு கவிதையில் காட்டினால் மாணவர் திகைத்து நிற்கிறார். இந்த வருத்தம் நியாயமானது. ஒரு பகுதியைப் படித்துவிட்டு ‘இதில் அனஃபோரா உள்ளது’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளும் விடைக்கு மதிப்பெண் எதுவும் தரத் தேவையில்லை என்பதை எவரும் ஒப்புக்கொள்ளலாம். எனினும் கற்பிக்கும் முறையின் குற்றத்தைக் கற்பிக்கப்படும் பொருளின்மேல் ஏற்றி, பொருளையே நாடுகடத்தத் துணிவது நீதியாகாது. மற்ற மூன்று வாதங்களோ அடிப்படையிலேயே பிழையானவை.

1. அணி என்பது புறத்தேயிருந்து வந்து மொழியில் ஒட்டிக்கொள்வது என்றால், அணியே இல்லாத மொழியை எங்கே காண்பது? அதைத் தேடிப் புறப்பட்டவர்கள் தோற்ற கதை அறியத்தக்கது. 1667இல் ராயல் சொசைட்டியின் வரலாற்றை எழுதிய தாமஸ் ஸ்பிராட், அறிவியலாளர் தம் எழுத்திலிருந்து அணிகளை அகற்றிவிட்டு ஆடையற்ற பேச்சுமுறைக்குத் திரும்ப வேண்டும் என்று வற்புறுத்தினார்; பேச்சுக்கு ஆடை உண்டு என்பதே ஓர் உருவகம் ஆதலால், உருவகத்தை விலக்குக என்னும் கட்டளையை அவரால் உருவகத்தின் துணையின்றி எழுத முடியவில்லை. 1690இல் வெளியான தம் மனித அறிவு பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் ஜான் லாக், அணிநடை முழுவதும் பிழையான எண்ணங்களைப் புகுத்தி, உணர்ச்சியைக் கிளறி, அறிவை வழிதவறச் செய்வதற்கே பயன்படுகிறது என்று கடிந்துரைத்தார். அக்கண்டனத்தை முடிக்கும் இடத்தில் சொல்வன்மையைப் பெண்களின் அழகோடு ஒப்பிட்டு, அதற்கு எதிராகப் பேசுவது எடுபடாது என்று ஓர் உவமையோடு நிறுத்தினார். சொல்லாட்சியில் இத்தனை கவனம் செலுத்திய மெய்யியலாளருக்கே தவிர்க்க இயலாமற்போனதை அலங்காரம் என்று ஒதுக்குவது எவ்வாறு பொருந்தும்?

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936இல் வெளியிட்ட ‘தி ஃபிலாசஃபி ஆஃப் ரெட்டரிக்’ நூலில், உருவகம் மொழி எங்கும் நிறைந்திருக்கும் இயக்கம் என்று வாதிட்டார். சொல்ல வந்த பொருளை ‘டெனர்’ என்றும் அதைத் தாங்கி வரும் உருவை ‘வெஹிகிள்’ என்றும் பிரித்துக் காட்டிய அவர், உருவகத்தின் பொருள் இவ்விரண்டில் எதிலும் தனித்து இல்லை, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று செயல்படுவதால் புதிதாகப் பிறக்கிறது என்றார். ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980இல், வாதத்தைப் போராகவும் நேரத்தைப் பணமாகவும் எண்ணும் பழக்கம் அன்றாடப் பேச்சு முழுவதையும் ஆள்வதை விரிவாக எடுத்துக்காட்டினர். தமிழிலும் வாதத்தில் வெல்வதும் தோற்பதும், நேரத்தைச் செலவிடுவதும் மிச்சப்படுத்துவதும் அவ்வாறே நிகழ்கின்றன.

தமிழ் இலக்கண மரபு இவ்விஷயத்தில் நீண்ட காலத்துக்கு முன்பே தெளிவாக இருந்தது. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகிவருவதாகிய ஆகுபெயரை நன்னூலார் சொல்லதிகாரத்தின் பெயரியலில் வைத்தார். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளோர் சிரித்தனர் என்று பொருள்படுவது பெயர்ச்சொல் இயங்கும் வழிகளுள் ஒன்று என்பதே அந்த வைப்புமுறை உணர்த்தும் செய்தி. ஆங்கிலத்தில் தொடர்புடைய பொருளைச் சொல்லி மற்றதை உணர்த்தும் மெட்டானமி என்றும், பகுதியைச் சொல்லி முழுமையை உணர்த்தும் சினெக்டகி என்றும் பிரித்துப் பேசப்படுவதில் பெரும்பகுதி இதனுள் அடங்கும். பள்ளியிலேயே இதைக் கற்றுவிட்டு வரும் மாணவரிடம் மெட்டானமி என்பது கவிதைக்கு இடும் அலங்காரம் என்று கல்லூரியில் சொல்வது, அவர் ஏற்கெனவே சரியாக அறிந்திருந்ததைக் கெடுப்பதாகும்.

2. பெயர் தெரிந்துவிட்டால் மட்டும் என்ன கிடைத்துவிடும் என்று கேட்போர், ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியைப் பெயர்களின் துணையின்றி விளக்கிக் காட்டட்டும். சீசரைக் கொன்ற புரூட்டஸ் முதலில் மக்களிடம் உரைநடையில் பேசுகிறார். பின்னர் ஆன்டனி செய்யுளில் பேசுகிறார். புரூட்டஸை வாழ்த்திய அதே கூட்டம் சற்று நேரத்தில் அவர் வீட்டைக் கொளுத்தக் கிளம்புகிறது. கலைச்சொல் வேண்டாம் என்னும் வகுப்பிலிருந்து வரும் விடை, புரூட்டஸ் அறிவோடு பேசினார், ஆன்டனி உணர்ச்சியோடு பேசினார் என்பதோடு நின்றுவிடுகிறது. இவ்விடையில் பாதி பிழை. மீதிப் பாதி எதையும் விளக்காத பொதுப்பேச்சு.

புரூட்டஸின் உரையை உற்றுநோக்கினால், அதில் வாதம் இருப்பது போன்ற தோற்றமே உள்ளது தெரியவரும். சம நீளமுள்ள வாக்கிய உறுப்புகளை அடுக்கும் ஐசோகோலன், எதிரெதிர்க் கருத்துகளை நேருக்கு நேர் நிறுத்தும் ஆன்டிதெசிஸ், அடுத்தடுத்த வாக்கியங்களை ஒரே தொடரில் முடிக்கும் எபிஸ்ட்ரொஃபி ஆகிய மூன்றுமே அவ்வுரையைத் தாங்கி நிற்கின்றன. சீசர் வாழ்ந்து அனைவரும் அடிமைகளாய் மடிவதா, சீசர் மடிந்து அனைவரும் உரிமையோடு வாழ்வதா என்னும் பொருளில் அவர் வினவும்போது, மூன்றாவது வழி ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே கேட்போருக்கு எழாதபடி அந்தச் சமச்சீர் வாக்கியம் தடுத்துவிடுகிறது. சீசர் பேராசை கொண்டவர் என்பதற்கு அவர் ஒரு சான்றும் தரவில்லை. சான்று இருக்க வேண்டிய இடத்தில் வாக்கியத்தின் சமநிலை இருக்கிறது. உரை முடிந்ததும் கூட்டத்தில் ஒருவன், புரூட்டஸையே சீசராக்க வேண்டும் என்று கூவுகிறான். தனியொருவர் ஆட்சி வரக்கூடாது என்பதற்காகவே கொலை செய்தவரிடம் அந்த ஆட்சியைக் கொடுக்க விரும்பும் அக்குரல், கூட்டத்தின் செவியில் ஓசை மட்டுமே விழுந்தது என்பதற்குச் சான்று.

ஆன்டனியின் உரையோ படிப்படியாகத் திட்டமிடப்பட்டது. புரூட்டஸைக் கண்ணியமானவர் என்று சுட்டும் ஒரே அடைமொழியை அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சீசரின் நற்செயல் ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டே போவதால், முதலில் மரியாதையாக ஒலித்த சொல் இறுதியில் வசையாகிவிடுகிறது. சொல்லப்படுவதற்கும் உணர்த்தப்படுவதற்கும் இடையே நேரும் இந்த விலகலே வெர்பல் ஐரனி; தமிழ் மாணவர் அறிந்த வஞ்சப் புகழ்ச்சி இதற்கு நெருங்கிய உறவு. பிறகு அவர் துயரம் தாங்காதவர்போலப் பேச்சை நிறுத்துகிறார். உணர்ச்சி மேலிட்டுப் பேச்சை முறித்துக்கொள்ளும் அபோசியோபெசிஸ் என்னும் உத்தியைச் சார்ந்தது இது. கூட்டத்தினர் தமக்குள் பேசி மனம் மாறுவதற்கு அந்த இடைவெளி நேரம் தருகிறது. அடுத்து உயில் வருகிறது. அதைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு வாசிக்கப் போவதில்லை என்கிறார். மக்களே சீசரின் வாரிசுகள் என்பது அவர்களுக்குத் தெரியாமலிருப்பதே நல்லது என்கிறார். சொல்லமாட்டேன் என்று சொல்வதன் மூலமே சொல்லிவிடும் இவ்வுத்திக்குப் பாரலிப்சிஸ் என்று பெயர். முடிவில், தாம் புரூட்டஸைப் போன்ற பேச்சாளர் அல்லர், மனத்தில் உள்ளதை அப்படியே சொல்லும் எளியவர் என்கிறார். சொல்வன்மை இல்லாதவராகக் காட்டிக்கொள்வது சொல்வன்மையின் மிகப் பழைய உத்திகளுள் ஒன்று. அடுத்த காட்சியில் அந்தக் கூட்டம் சின்னா என்னும் கவிஞரை, சதிகாரர் ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்த ஒரே காரணத்துக்காகப் பிய்த்தெறிகிறது.

ஷேக்ஸ்பியர் இக்கதையை எடுத்தது, புளூட்டார்க்கின் வரலாற்றுக்குத் தாமஸ் நார்த் 1579இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து. அங்கே ஆன்டனியின் உரை முழுமையாக இல்லை. அவர் பேசிய விதமும் அதன் விளைவுமே சுருக்கமாக உள்ளன. உரையைக் கட்டியவர் ஷேக்ஸ்பியர். கட்டும் முறையைக் கற்றுத் தந்தவை அவர் காலத்து இலக்கணப் பள்ளிகளின் பாடங்கள். எராஸ்மஸ் 1512இல் வெளியிட்ட ‘டி கோப்பியா’ என்னும் பாடநூல் ஒரே வாக்கியத்தை நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் மாற்றி எழுதிக் காட்டியது. ஹென்றி பீச்சம் 1577இலும் ஜார்ஜ் புட்டன்ஹாம் 1589இலும் அணிகளை ஆங்கிலத்தில் விரித்துரைத்தனர். அந்தக் காலம் அறிந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட அணிகளை ஷேக்ஸ்பியர் கையாண்டிருப்பதைச் சிஸ்டர் மிரியம் ஜோசஃப் 1947இல் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். பெயர் அறிந்து, பயின்று, தேர்ந்து எழுதப்பட்ட ஒன்றைப் பெயர் அறியாமல் படிப்பதுதான் இயல்பான வாசிப்பு என்பது, படைத்தவரின் உழைப்பைக் காணாமல் இருப்பதற்கு இட்ட நல்ல பெயர்.

பெயர் இருப்பதால் மட்டுமே காணக்கூடியவையும் உண்டு. ‘கூர்வாள்’ என்று ஒன்று மற்றதைத் தழுவும்படி சொல்ல வேண்டியதை ‘வாளும் கூர்மையும்’ என்று ‘உம்’ சேர்த்து இரண்டாகப் பிளந்து சொல்வதை ஹெண்டையடிஸ் என்பர். ஜார்ஜ் டி. ரைட் 1981இல் வெளியிட்ட கட்டுரையில், ‘ஹாம்லெட்’ நாடகத்தில் மட்டும் இவ்வணி 66 இடங்களில் வருவதாகவும், ஷேக்ஸ்பியரின் வேறெந்த நாடகமும் இவ்வெண்ணிக்கையை நெருங்கவில்லை என்றும் காட்டினார். ஒன்றாக இருக்க வேண்டியவை இரண்டாகப் பிளந்தும், இரண்டாகத் தோன்றுபவை ஒன்றோடொன்று பொருந்தாமலும் நிற்கும் அந்நாடகத்தின் உலகத்தோடு இவ்வணி கொள்ளும் உறவு அக்கட்டுரையால் விளங்கியது. பெயரில்லாத ஒன்றை எண்ண முடியாது. எண்ணியிராவிட்டால் இந்த அமைப்பு எவர் கண்ணிலும் பட்டிராது.

3. இலக்கிய வாசிப்பில் பிழை நேர்ந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று எண்ணுவோர் இரண்டு வழக்குகளை நினைவிற்கொள்ள வேண்டும். டேனியல் டிஃபோ 1702இல், சமயப் பிரிவினரை ஈவிரக்கமின்றி ஒழித்துக்கட்ட வேண்டும் என்று கோரும் வெறியர் ஒருவரின் குரலில் சிறுநூல் ஒன்றை எழுதினார். அவ்வெறியைத் தோலுரிப்பதே அவர் நோக்கம்; ஆனால் பலர் அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டனர். 1703 ஜூலையில் டிஃபோ மூன்று நாள் பொதுவிடத்தில் தண்டனைக் கட்டையில் பூட்டி நிறுத்தப்பட்டார், சிறையிலும் இருந்தார். எழுதுபவர் வேறு, அவர் பூணும் குரல் வேறு என்பதைக் குறிக்கும் ‘பெர்சோனா’ என்னும் கலைச்சொல் இன்றைய மாணவருக்குக் கற்பிக்கப்படுவது இத்தகைய பிழையைத் தவிர்ப்பதற்காகவே. ஜொனதன் ஸ்விஃப்ட் 1729இல் எழுதிய ‘எ மாடஸ்ட் ப்ரொபோசல்’ கட்டுரையில், அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும் குரலும் ஒரு பெர்சோனாவே. அக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் அக்குரல், வேறு வழிகளைப் பற்றித் தன்னிடம் எவரும் பேச வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அயர்லாந்துக்கு உண்மையில் வேண்டிய சீர்திருத்தங்களை வரிசையாக அடுக்குகிறது. ஆன்டனியின் உயிலில் பாரலிப்சிஸை இனங்கண்ட மாணவர் இங்கும் அதை உடனே அறிந்துகொள்வார்; கட்டுரையின் மெய்யான குரல் ஒலிக்கும் இடம் அதுவே. ஓர் இடத்தில் கற்றதை நூற்றுமுப்பது ஆண்டு தள்ளி, வேறொரு வகை எழுத்தில் பயன்படுத்த இயல்வதே கலைச்சொல் தரும் ஆற்றல்.

மற்ற வழக்கு 1857இல் பாரிஸில் நடந்தது. ஃப்ளோபேரின் ‘மதாம் போவரி’ நாவல் ஒழுக்கத்துக்குக் கேடானது என்று வழக்குத் தொடுத்த அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார், பிறன்மனை உறவில் கதைத்தலைவி கொள்ளும் மகிழ்ச்சியை விவரிக்கும் பகுதிகளை, நாவலாசிரியரே அவ்வுறவைப் போற்றுவதற்குச் சான்றாகக் காட்டினார். ‘என்று அவள் நினைத்தாள்’ என்னும் குறிப்பே இல்லாமல் பாத்திரத்தின் மனவோட்டத்தைக் கதைசொல்லியின் வாக்கியத்துக்குள் கரைத்துவிடும் உத்தியை அந்நாவல் ஆண்டிருந்தது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ இன்டைரக்ட் ஸ்டைல்’ என்று வழங்கும் அந்த உத்திக்கு மொழியியலாளர் சார்லஸ் பாலி பெயர் தந்தது 1912இல்தான். ஃப்ளோபேர் விடுதலையானார், ஆனாலும், இச்சொற்கள் யாருடையவை என்று நீதிமன்றத்தில் கேட்பதற்குரிய கலைச்சொல் அன்று எவரிடமும் இல்லை. ஜேன் ஆஸ்டின் 1815இல் வெளியிட்ட ‘எம்மா’ நாவலிலும் இதே உத்தி உண்டு. திருவாளர் எல்ட்டன் ஹாரியட்டை விரும்புகிறார் என்று எம்மா தவறாக நினைப்பதை, உண்மை நிகழ்ச்சிபோலவே கதைசொல்லியின் வாக்கியங்கள் தெரிவிக்கின்றன. உத்தியை அறியாத மாணவர், எம்மாவின் தவற்றை ஆஸ்டினின் தீர்ப்பாக எழுதிவைக்கிறார். இப்பிழை விடைத்தாள்களில் ஆண்டுதோறும் மீள்கிறது.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய ‘பாலிடிக்ஸ் அண்ட் தி இங்கிலிஷ் லாங்குவேஜ்’ கட்டுரை இதை அரசியலுக்கு நீட்டியது. காவலற்ற கிராமங்களின் மீது குண்டு வீசிக் குடிமக்களைத் துரத்துவதற்கு ‘அமைதி நிலைநாட்டல்’ என்று பெயரிடப்படுவதை அவர் சுட்டினார். கொடியதை மெல்லிய சொல்லால் மூடும் யூஃபமிசம் என்பதை இலக்கிய வகுப்பில் கற்றவர் அரசு அறிக்கையிலும் அதை இனங்காண்பார்.

4. கலைச்சொற்களை வெறும் ஒட்டுச்சீட்டுகளாக எண்ணுவதில் எதிர்த்தரப்பும் ‘நோட்ஸ்’ ஆசிரியர்களும் ஒன்றுபடுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. உண்மையில் முதன்மையான கலைச்சொல் ஒவ்வொன்றும் சுருக்கி வைக்கப்பட்ட ஒரு விவாதம். ‘பதெட்டிக் ஃபாலசி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இயற்கைப் பொருளுக்கு மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்லும் அணி என்று வழிகாட்டி நூல்கள் இதை வரையறுத்துவிட்டு, தமிழ் மாணவருக்காகத் தற்குறிப்பேற்ற அணி என்று ஒரு சமன்பாட்டையும் போட்டுவிடுகின்றன. ஜான் ரஸ்கின் 1856இல் ‘மாடர்ன் பெய்ன்ட்டர்ஸ்’ மூன்றாம் தொகுதியில் இச்சொல்லை ஆக்கியது ஓர் அணியை அறிமுகப்படுத்துவதற்காக அல்ல. ஒரு குற்றத்தைச் சாட்டுவதற்காக. உணர்ச்சி மிகுந்து அறிவு தளரும்போது கவிஞரின் கண்ணுக்குப் பொருள்கள் பொய்யாய்த் தெரிகின்றன என்பதும், முதல்தரக் கவிஞர் இதற்கு எளிதில் இடந்தருவதில்லை என்பதும் அவர் வாதம். உதிரும் இலைகளுக்கு ஆன்மாக்களை ஒப்பிடும் தாந்தே, ஆன்மா ஆன்மாவென்றும் இலை இலையென்றும் ஒரு கணமும் மறப்பதில்லை. கிளையில் ஆடும் ஓர் இலைக்கு உயிரும் விருப்பமும் இருப்பதாகக் கோல்ரிட்ஜ் எழுதும்போது அந்தத் தெளிவு கலங்கிவிடுகிறது என்று ரஸ்கின் இருவரையும் நிறுத்துப் பார்த்தார்.

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில், மதுரை மதில்மேல் இயல்பாக அசையும் கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் உள்ளே வர வேண்டாம் என்று கைகாட்டி மறிப்பவைபோல ஆடுகின்றன என்பது பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு. அங்கே ‘போல்’ என்னும் உருபு நிற்கிறது. கொடி காற்றில் ஆடுவதையும், அதன்மேல் தாம் ஏற்றும் கருத்தையும் இளங்கோவடிகள் தனித்தனியே அறிந்தே வைக்கிறார். வரவிருக்கும் கொலையை அறிந்த கவிஞரின் குறிப்பு அது. ரஸ்கினின் அளவுகோலால் அளந்தால் இளங்கோ நிற்கும் இடம் தாந்தேயின் பக்கமே. சமன்பாட்டை மட்டும் எழுதிக்கொள்ளும் மாணவர் ரஸ்கினின் குற்றச்சாட்டையும் இழக்கிறார், இளங்கோவின் நுட்பத்தையும் இழக்கிறார். இரண்டையும் எதிரெதிரே வைத்து வாதிடக் கற்ற மாணவருக்கோ, எந்த விமரிசகருக்கும் அஞ்சாமல் எழுதுவதற்கு ஒரு சொந்தப் பொருள் கிடைத்துவிடுகிறது.

5. ஆராய்ந்தால் இன்பம் போய்விடுமா? ராகத்தின் பெயரும் அதன் இலக்கணமும் அறிந்த ரசிகர் கச்சேரியில் குறைவாக அனுபவிக்கிறார் என்று எவரும் சொல்வதில்லை. ரிச்சர்ட்ஸ் 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ நூலில் வெளியிட்ட சோதனை இவ்வாதத்துக்கு மேலும் கடுமையான விடை தருகிறது. ஆசிரியர் பெயரின்றி 13 கவிதைகளைப் பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் மாணவர்களாகிய வாசகர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார் அவர். விலையுயர்ந்த கல்வி பெற்றிருந்த அவர்களுள் பலர், கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டனர். முன்பே மனத்தில் படிந்திருந்த உணர்ச்சியைக் கவிதையின்மேல் ஏற்றிப் படித்தனர். கருவி ஏதுமின்றி உள்ளம் தானாகவே கவிதையைச் சென்றடையும் என்னும் நம்பிக்கைக்கு அந்நூலில் ஆதரவு இல்லை.

6. கிரேக்க, லத்தீன் பெயர்கள் மிகப் பல என்பது சிறு குறை. அணிகளை வரம்பின்றிப் பெருக்குவோரை ரோமானியச் சொல்லணி ஆசான் குவின்டிலியனே முதல் நூற்றாண்டில் கண்டித்திருக்கிறார். இளங்கலை மாணவருக்கு நாற்பது பெயர்கள் போதும், இருநூறு வேண்டியதில்லை.

7. கலைச்சொல் நீங்கிய வகுப்பறையில் யார் வெல்வார்? இதுவே எதிர்த்தரப்பு ஒருபோதும் எதிர்கொள்ளாத கேள்வி. கவிதையை உணர்ந்து எழுதுக என்று சொல்லும்போது, எந்த உணர்வு ஏற்கத்தக்கது, அதை எந்த ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே கற்றுவிட்ட மாணவர் எளிதாக எழுதிவிடுகிறார். தமிழ்வழியில் படித்து, குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாக வரும் மாணவர் அதே உணர்வை அடைந்திருந்தும் அதைச் சுட்டுவதற்குச் சொல்லின்றி நிற்கிறார். நின்றுவிட்டு, ‘நோட்ஸ்’ புத்தகத்தின் சொற்களுக்குத் திரும்புகிறார். ரசனை என்பது வழிவழியாக வருவது; கலைச்சொல்லோ எவருக்கும் கற்றுக்கொடுக்கக்கூடியது, எவரும் சரிபார்க்கக்கூடியது. இவ்வரியில் எபிஸ்ட்ரொஃபி இருக்கிறது, அது சான்று இல்லாத இடத்தை மறைக்கிறது என்று ஒரு மாணவர் சொன்னால், அவர் எந்தப் பள்ளியிலிருந்து வந்தார் என்று பார்த்து அக்கூற்றை மறுக்க முடியாது. நூலைத் திறந்துதான் மறுக்க வேண்டும். அம்மாணவர் உவமையும் உருவகமும் ஆகுபெயரும் வஞ்சப் புகழ்ச்சியும் தற்குறிப்பேற்றமும் அறிந்தே கல்லூரிக்குள் நுழைகிறார். ஆங்கிலவழி மாணவர் பலரிடம் இல்லாத இந்த முதலீட்டைப் பயன்படுத்தும் ஒரே வாய்ப்பை ‘சுமையைக் குறைக்கிறோம்’ என்ற பெயரில் பறிப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

ஆகவே பாடத்திட்டக் குழுக்கள் நீக்க வேண்டியது கலைச்சொற்களை அல்ல, வரையறை கேட்கும் இரண்டு மதிப்பெண் வினாக்களை. அவற்றின் இடத்தில், வகுப்பில் நடத்தப்படாத இருபது வரிப் பகுதி ஒன்றைத் தேர்வுத்தாளில் அச்சிட்டு, அதில் செயல்படும் உத்தி ஒன்றை மாணவரே கண்டறிந்து, அது கேட்போரை எவ்வாறு நகர்த்துகிறது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லட்டும்; வரையறைகளை வினாத்தாளின் பின்பக்கத்திலேயே அச்சிட்டுத் தருவதிலும் தவறில்லை. ஆசிரியர்களும் முதல் பருவத்தில் பட்டியலை விட்டுவிட்டு, புரூட்டஸின் உரையையும் ஆன்டனியின் உரையையும் மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு வாரம் நடத்திப் பார்க்கட்டும்.